பயிர்க் காவல் துப்பாக்கி: குறி தவறாதிருக்க மருந்து கெட்டிப்பும் சுத்தமும்

மலையடிவாரங்களிலும் காட்டோரங்களிலும் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்குக் காட்டுப் பன்றிகளால் உண்டாகும் சேதம் இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிலக்கடலையும் மரவள்ளியும் மக்காச்சோளமும் ஒரே இரவில் பாழாவதைக் கண்டவர்கள் அநேகர். இந்நஷ்டத்தைத் தடுப்பதற்கு வேலி, அகழி, இராக்காவல் ஆகியவற்றுடன் சில குடும்பங்களில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கியும் உண்டு. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் அளிப்பதைத் தனியே எடுத்துச் சொல்லியிருக்கிறது. இக்கட்டுரை அவ்விதத் துப்பாக்கியைப் பற்றியதாகும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கூறிவிடுவது அவசியம். லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ள அனுமதியே ஒழிய, காட்டு ஜந்துக்களைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உத்தரவு பெறாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கைச் சுடுவது குற்றம். நிற்கும் பயிருக்கு அபாயமாய் விட்ட விலங்கைக் குறித்து வன இலாகாவின் அதிகாரம் பெற்றவர்களே எழுத்து மூலம் உத்தரவு அளிக்கக் கூடும். ஆகையால் உத்தரவு இன்றி எவரும் இக்கட்டுரையைச் சாக்காகக் கொள்ளலாகாது.

குறி ஏன் தவறுகிறது?

“பழைய துப்பாக்கி; ஒரு நாள் போல் ஒரு நாள் சுடாது” என்று பலர் குறை கூறுவதுண்டு. இக்குறையைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், குற்றம் பெரும்பாலும் துப்பாக்கியினுடையது அன்று என்பது விளங்கும். இரும்புக் குழல் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே மாறிவிடுவதில்லை. மாறுவன இரண்டே. ஒன்று, நாம் அதனுள் இடுவது. மற்றொன்று, முந்தைய வெடி அதனுள் விட்டுச் சென்றது. இவ்விரண்டையும் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வைத்தால், குண்டும் ஒரே இடத்தை நாடிச் செல்லும்.

இதற்குச் சரித்திரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1860-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், இங்கிலாந்தில் விம்பிள்டன் என்னும் இடத்தில் நடந்த துப்பாக்கிப் பந்தயத்தை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். விட்வொர்த் என்னும் பொறியாளர் செய்த வாய்வழி ரைபிள் ஒன்றை அசையாத தாங்கியில் பொருத்தி வைத்திருந்தார்கள். மகாராணி விசையுடன் கட்டிய கயிற்றை இழுத்த மாத்திரத்தில், 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் மையத்திலிருந்து சுமார் ஒன்றேகால் அங்குல தூரத்தில் குண்டு பாய்ந்தது. அதற்கு முன் துப்பாக்கி பிடித்துப் பழகிய கை அன்று. ஆயினும் தாங்கியும் கெட்டிப்பும் சரியாக அமைந்திருந்தமையால் குறி தவறவில்லை.

நம் பயிர்க் காவல் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வழவழப்பான உட்குழலை உடையவை. ரைபிள் என்பதோ, குழலின் உட்புறத்தில் திருகு மரை போன்ற வரிகளை உடையது. அவ்வரிகள் குண்டைப் பம்பரம் போலச் சுழலச் செய்வதால் அது நேரே செல்கிறது. அமெரிக்காவில் வாய்வழி ரைபிள்காரர்களின் தேசிய சங்கம் ஒன்று 1933 முதல் நடந்து வருகிறது. அங்கே இவ்வித்தை அழியாமல் காக்கப்பட்டிருக்கிறது. ரைபிளில் ஒவ்வொரு சிறு வித்தியாசமும் இலக்கில் தெரிந்துவிடுமாகையால், அதனைக் கொண்டே விஷயத்தை விளக்குவோம். வழவழப்பான குழலுக்கும் இவ்விதிகளே பொருந்தும். ஆனால் அத்தகைய குழலிலிருந்து ஒற்றைக் குண்டு சுமார் 50 கஜத்துக்கு அப்பால் குறியோடு செல்லும் என்று நம்பலாகாது.

மருந்து

இத்துப்பாக்கிகளுக்கு உரியது கரிமருந்து ஒன்றே. கடைத் தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தையோ, பட்டாசு மருந்தையோ, பாறை உடைக்கும் மருந்தையோ ஒருபோதும் இடலாகாது. அவை உண்டாக்கும் அழுத்தம் வேறு. குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடும். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கிய மருந்தையே, லைசென்ஸில் கண்ட அளவுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரிமருந்தின் மணிகள் பருமனாகவும் பொடியாகவும் பல தரங்களில் உண்டு. பொடி மணி விரைவில் எரிந்து அதிக அழுத்தத்தை உண்டாக்கும். பரு மணி மெதுவாக எரியும். ஒரு தரத்துக்கு அளந்த அளவு மற்றொரு தரத்துக்குப் பொருந்தாது. ஆகையால் தரத்தை அடிக்கடி மாற்றுபவன் ஒவ்வொரு முறையும் புதுத் துப்பாக்கி வாங்கியவனுக்குச் சமானம். துப்பாக்கி செய்தவர்கள் விதித்த அளவுக்கு மேல் எக்காரணத்தாலும் போகலாகாது. அதிக மருந்து இட்டால் அதிகக் குறி உண்டாகும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலும் மிதமான அளவிலேயே குறி நன்றாக அமையும்.

மருந்தைக் கையால் அள்ளுவதும், கண்ணால் மதிப்பதும் கூடாது. பித்தளையாலாவது கொம்பாலாவது செய்த சிறு படி ஒன்றை வைத்துக்கொண்டு, தலை தட்டி அளக்க வேண்டும். ஒரு நாள் குலுக்கி அளப்பதும் மறுநாள் குலுக்காமல் அளப்பதும் அளவை மாற்றிவிடும் என்பது நெல் அளந்தவர்களுக்குத் தெரியாததன்று. மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டுவது பெரும் அபாயம். முந்தைய வெடியின் நெருப்புப் பொறி உள்ளே தங்கியிருந்தால், குடுவை முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். அளந்த படியிலிருந்தே கொட்ட வேண்டும்.

குண்டும் குண்டுத்துணியும்

குண்டு மெல்லிய சுத்தக் காரீயத்தால் வார்க்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். வார்ப்பில் உள்ளே குமிழி விழுந்த குண்டு, பார்வைக்கு நன்றாயிருந்தாலும், சுழலும்போது ஒரு பக்கம் இழுக்கும். இதனைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை போடுவதே. உதாரணமாக, 0.490 அங்குல விட்டமுள்ள சுத்தக் காரீயக் குண்டு சுமார் 177 கிரெயின், அதாவது ஏறக்குறைய பதினொன்றரை கிராம் இருக்கும். தட்டான் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடை குறைந்தவற்றை மறுபடியும் உருக்குவதற்கு ஒதுக்கிவிட வேண்டும். காரீயப் புகை நஞ்சாகையால் உருக்கும் வேலையைச் சமையற்கட்டில் செய்யாமல் திறந்த வெளியில் செய்து, பின்பு கைகளை நன்றாகக் கழுவ வேண்டும்.

ரைபிளில் உருண்டைக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அரை அங்குலக் குழலுக்கு மேற்சொன்ன 0.490 அங்குலக் குண்டே வழக்கமானது. மீதியுள்ள இடத்தை நிரப்பி வரிகளைப் பற்றிக்கொள்வது, குண்டைச் சுற்றி வைக்கும் பருத்தித் துணியாகும். அத்துணி நெருக்கமாக நெய்யப்பட்டு, கஞ்சி போகத் துவைக்கப்பட்டதாயிருக்க வேண்டும். ஒரே துணியிலிருந்து கத்தரித்த துண்டுகளையே உபயோகிக்க வேண்டும். ஒரு வெடிக்கு வேஷ்டித் துணியும், மறு வெடிக்குக் கோணிக் கிழிசலும் வைத்தால் குறி எவ்வாறு நிற்கும்?

துணிக்கு மசகு இடுவதும் அவசியம். மசகு இரண்டு வேலை செய்கிறது: குண்டு வழுக்கிச் செல்ல உதவுகிறது, எரிந்த கசடு இறுகிவிடாமல் இளக்கி வைக்கிறது. 1853-ஆம் வருஷத்து என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாக் காகிதத்துக்குக் கொழுப்புத் தடவியதும் இக்காரணம் பற்றியே. அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி பரவி, 1857-ஆம் வருஷத்துச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று என்பது சரித்திரம் படித்தவர்கள் அறிந்தது. நாம் தேன்மெழுகும் தாவர எண்ணெயும் சேர்த்து இளக்கிய மசகை உபயோகிக்கலாம். இயந்திரங்களுக்கு இடும் மண்ணெண்ணெய் வகைகள் கரிமருந்துடன் சேர்ந்து தார் போல் ஒட்டிக்கொள்வதால், மசகுக்கு அவை உதவா.

சுட்ட பின்பு துப்பாக்கிக்குச் சில அடி முன்னே விழுந்து கிடக்கும் துணியை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். அது நமக்கு ஒரு சாட்சி. துணி முழுதாக, நடுவில் மட்டும் கறுத்திருந்தால் கெட்டிப்பு சரி. எரிந்து துளை விழுந்திருந்தால் துணி மெல்லியது அல்லது மசகு போதாது. கத்தியால் அறுத்தாற் போலிருந்தால் குழல் வாயிலாவது உள்வரியிலாவது கூர்மை இருக்கிறது என்று அறியலாம்.

கெட்டிக்கும் முறை

மருந்தின்மேல் குண்டு முழுவதும் சென்று அமர்ந்திருக்க வேண்டும். இடையே வெற்றிடம் இருந்தால், குழல் அவ்விடத்தில் உப்பிவிடலாம், வெடித்தும் போகலாம். அதற்காகக் கஜக்கோலைத் தூக்கித் தூக்கி இடிப்பதும் தவறு. இடித்தால் குண்டின் உருவம் நசுங்கும். மருந்து மணிகளும் பொடியாகும். ஒரே சீரான அழுத்தத்துடன் தள்ளி, குண்டு அமர்ந்ததைக் கை உணர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கை, அதே அழுத்தம்.

கஜக்கோலில் இரண்டு கோடுகள் கீறி வைத்துக்கொள்ளுமாறு எல்லோருக்கும் சொல்லுகிறேன். குழல் காலியாயிருக்கும்போது கோலை உள்ளே விட்டு, வாயின் மட்டத்தில் முதற் கோடு. வழக்கமான அளவு கெட்டித்த பின் வாயின் மட்டத்தில் இரண்டாவது கோடு. இவ்விரண்டு கோடுகளும் மூன்று கேள்விகளுக்கு விடை கூறும்: துப்பாக்கி காலியா? குண்டு சரியாக அமர்ந்ததா? ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்துவிட்டோமா?

மூன்றாவது கேள்வி அற்பமானதன்று. 1863-ஆம் வருஷம் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் நடந்த போருக்குப் பின், களத்தில் சுமார் 27,000 துப்பாக்கிகள் பொறுக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 24,000 கெட்டித்தபடியே இருந்தன. அவற்றுள்ளும் சுமார் பாதியில் இரண்டு கெட்டிப்புகள் இருந்தனவென்றும், ஒன்றில் 23 கெட்டிப்புகள் இருந்தனவென்றும் அக்காலத்து அறிக்கை கூறுகிறது. பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்கே பதற்றத்தில் நேர்ந்த இத்தவறு, இருட்டில் பன்றிக் கூட்டத்தின் சப்தம் கேட்டு எழுந்த குடியானவனுக்கு நேராதென்று சொல்ல முடியுமா? கோடு பார்க்க ஒரு நொடி போதும்.

கசடும் ஈரமும்

கரிமருந்து எரிந்தால் புகையாகப் போய்விடுகிறதென்று எண்ணுவது தவறு. நோபிள், ஏபெல் என்னும் இரு ஆங்கில நிபுணர்கள் 1875-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கு மேல் கெட்டிப் பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையுடன் வெளியேறும். மற்றது குழலில் படியும். அப்படிவு பெரும்பாலும் உப்பு வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓர் இரவு விட்டாலும் குழல் சிவந்துவிடும். பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றிலோ அதே கசடு ஓடு போல் இறுகி, இரண்டாவது குண்டை இறங்கவொட்டாமல் தடுக்கும்.

ஆகையால் பல வெடிகள் தொடர்ந்து சுட நேர்ந்தால், ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் சற்றே நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறையும், உலர்ந்த துணியால் ஒரு முறையும் குழலைத் துடைக்க வேண்டும். சில வேளை துடைப்பதும் சில வேளை விடுவதுமாக இருந்தால், குழலின் உள்ளளவு ஒவ்வொரு வெடிக்கும் மாறிக்கொண்டே போகும்.

சுட்ட அன்றே சுத்தம்

சுட்ட அன்று மாலையே சுத்தம் செய்ய வேண்டும். முறை வருமாறு:

1. கஜக்கோலை விட்டுக் கோட்டைப் பார்த்து, குழல் காலி என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளவும்.

2. கேப்பு வைக்கும் நிப்பிளைக் கழற்றவும். கழற்றக் கூடிய அமைப்பாயிருந்தால் குழலையும் மரக்கட்டையிலிருந்து பிரிக்கவும்.

3. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, துணி சுற்றிய கோலால் மேலும் கீழும் இழுக்கவும். இக்கசடு உப்பு வகையாகையால் தண்ணீரே அதைக் கரைக்கும். எண்ணெயும் மண்ணெண்ணெயும் அதைக் கரைக்க மாட்டா. எண்ணெயை மேலே பூசினால் துரு அடியில் வளரும்.

4. துணி வெள்ளையாக வரும் வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவவும். நிப்பிளின் துளையையும் குதிரையின் தலையையும் மறவாமல் கழுவவும்.

5. உலர்ந்த துணிகளால் ஈரம் அறவே நீங்கும் வரை துடைத்து, பின்பு துப்பாக்கி எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவவும்.

6. குழல் வாய் கீழ்நோக்க வைக்கவும். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் அடிக்கு இறங்கி, மறுமுறை மருந்தைக் கெடுக்கும்.

7. மறுநாள் காலையில் மீண்டும் ஒரு துணி விட்டுப் பார்க்கவும். செந்நிறம் தென்பட்டால் கழுவியது போதாது என்று அறிந்து, மறுபடியும் கழுவவும்.

தேர்தல் காலத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் துப்பாக்கிகளை வாங்கியவுடன் இவ்வாறே பரிசோதிக்க வேண்டும். குழலினுள் பூச்சிக் கூடு இருப்பதும், துரு ஏறியிருப்பதும் சாதாரணம். உட்குழலில் பள்ளம் விழுந்திருந்தாலும், குதிரை பாதி நிலையில் நில்லாமல் நழுவினாலும், லைசென்ஸ் பெற்ற ரிப்பேர்காரரிடம் காட்டாமல் உபயோகிக்கலாகாது.

முதல் வெடியே முக்கியம்

பந்தயக்காரனுக்கு ஐந்தோ பத்தோ வெடிகள் உண்டு. பயிரைக் காக்கும் குடியானவனுக்கு ஒரே வெடிதான். அதுவும் சுத்தமான குழலிலிருந்து செல்லும் முதல் வெடி. எண்ணெய் தடவிய குழலிலிருந்து செல்லும் குண்டு ஓரிடத்திலும், கசடு படிந்த குழலிலிருந்து செல்லும் குண்டு வேறோரிடத்திலும் போகும். ஆதலின் கெட்டிப்பதற்கு முன் எண்ணெயை உலர்ந்த துணியால் முற்றிலும் துடைத்துவிட்டு, வெறுங் கேப்பு ஒன்றிரண்டைப் பாதுகாப்பான திசையில் வெடித்து நிப்பிளிலுள்ள எண்ணெயை நீக்க வேண்டும். பிறகு மருந்து, குண்டு; கடைசியாக, சுடும் இடத்தில் மட்டுமே கேப்பு.

பரீட்சிக்கும்போதும் இம்முதல் வெடியையே பரீட்சிக்க வேண்டும். போலீஸ் நிலையத்தில் தெரிவித்து, அவர்கள் ஒப்பிய இடத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ளவாறு காகித இலக்கை நிறுத்தி, துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் தாங்கிச் சுட வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் குழலை ஒரே நிலைக்குத் துடைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வெடிகள் நெருங்கி விழுந்து, ஆனால் மையத்துக்கு விலகியிருந்தால், கெட்டிப்பு சரி. குறிமுனையைத் திருத்தினால் போதும். ஐந்தும் சிதறியிருந்தால், குறிமுனையைத் தொடலாகாது. கெட்டிப்பில் எங்கோ ஒழுங்கு தவறியிருக்கிறது.

அவ்வொழுங்கைத் தேடும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஒரே பாத்தியில் விதையையும் உரத்தையும் நடவு இடைவெளியையும் ஒருங்கே மாற்றினால், விளைச்சல் கூடியது எதனால் என்று எவராலும் சொல்ல இயலாது. துப்பாக்கிக்கும் அதே நியாயம். மருந்தளவு, குண்டின் எடை, துணியின் கனம், குண்டு விழுந்த இடம் ஆகியவற்றைத் தேதியுடன் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்து வந்தால், சில நாளிலேயே அத்துப்பாக்கிக்கு உகந்த அளவு தெரிந்துவிடும்.

ஜாக்கிரதைகள்

குழல் வாய்க்கு நேரே முகமும் உடலும் வராமல் பக்கவாட்டில் நின்று கெட்டிக்கவும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், குழலைப் பத்திரமான திசையில் பிடித்தபடி ஒரு நிமிஷமாவது காத்திருக்கவும். விளக்கு, பீடி, அடுப்பு ஆகியவற்றின் அருகே மருந்தைத் திறக்க வேண்டாம். கெட்டித்த துப்பாக்கியை வீட்டினுள் கொண்டு வரலாகாது; துப்பாக்கியும் மருந்தும் வெவ்வேறு பூட்டில் இருக்கட்டும். அசையும் புதரைச் சுடுவது பெரும் பாவம். அப்புதரில் பக்கத்து நிலத்துக் காவற்காரன் இருக்கக் கூடும்.

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் உதவி செய்யலாம். துப்பாக்கி லைசென்ஸ்தாரர்களைக் காணும்போது, லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்பதோடு, கஜக்கோலில் கோடு உண்டா, குழல் சுத்தமா என்றும் கேட்கலாம். அவ்வொரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக் கூடும்.

குறி தவறிய குண்டு இரண்டு விதத்தில் கெடுதல் செய்யும். காயப்பட்ட பன்றி திரும்பி மனிதனைத் தாக்கும். இலக்கைக் கடந்த குண்டு யார் மேல் பாயும் என்பதைச் சுட்டவன் அறியான். ஆகையால் குறியைப் பேணுவது பயிரைக் காப்பது மட்டுமன்று, அக்கம்பக்கத்தாரைக் காப்பதுமாகும். இதற்குப் புதுத் துப்பாக்கி வேண்டுவதில்லை, செலவும் அதிகமில்லை. ஒரு சிறு அளவுபடி, ஒரே வகைத் துணி, கஜக்கோலில் இரண்டு கோடுகள், சுட்ட அன்று மாலை ஒரு குடம் வெந்நீர் ஆகியவை போதும். இவற்றை நாள் தவறாமல் கடைப்பிடிப்பவரின் பழைய துப்பாக்கி, ஒழுங்கற்றவரின் புதுத் துப்பாக்கியைவிட நம்பத்தக்கதாக இருக்கும்.